கலைக்கு ஈரக்கழிவு பத்து சதவீதம்

தேவாலாவில் வருடத்துக்கு ஏழு மாதம் மழை. மிச்சமுள்ள ஐந்து மாதமும் மனுவேலின் தராசில் மழை.

மனுவேல் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கும் கிளார்க். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பறித்துக் கொண்டுவரும் பச்சைக் கொழுந்தைத் தராசில் ஏற்றி, எடை பார்த்து, அதில் பத்தில் ஒரு பங்கை ஈரம் என்று கழித்துவிட்டு, மீதியைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ஆடி மாதத்தில் கழித்தால் நியாயம்தான். மூட்டையைத் தூக்கினால் தண்ணீர் சொட்டி அவருடைய செருப்பே நனையும். ஆனால் மாசி மாதத்திலும் கழிப்பார். செடி வாடிக் கிடக்கும், கொழுந்தைக் கையில் அள்ளினால் சருகு மாதிரிச் சத்தம் கேட்கும், அப்போதும் பத்துக்கு ஒன்று போய்விடும். ஏன் என்று கேட்டால், "வழக்கமுங்க" என்பார். வழக்கம் என்று ஒரு சொல் இருக்கிறவரை நம் நாட்டில் யாரும் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆள் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா சபையில் உபதேசியார். மகன் மிஷன் பள்ளியில் பத்தாவது முடித்து, இருபத்தாறு வயதில் இந்தத் தராசுக்கு வந்தார். இப்போது ஐம்பத்தாறு. முப்பது வருடத்தில் ஒரு கிலோ திருடியதாக அவர் மேல் பேச்சில்லை. கழிப்பதெல்லாம் கம்பெனிக்குத்தான் போகும், அவருக்கு ஒரு டம்ளர் டீ கூடுதலாகக் கிடையாது. காசு வாங்காமல் கழித்ததால் தன்னை நேர்மையானவர் என்றே அவர் நம்பியிருந்தார். ஊருக்குள் அவருக்குப் 'பத்து பர்சென்ட்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும், கொஞ்சம் பெருமையும் உண்டு.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தராசுப் பழக்கம் அதையும் தாண்டும். டாக்டர் சர்க்கரை இருநூற்றிருபது என்றால், மனுவேல் நூற்றித் தொண்ணூற்றெட்டு என்று எடுத்துக்கொண்டு ஜாங்கிரி சாப்பிடுவார். பெண் பார்க்கப் போன காலத்திலேயே இந்த வியாதி தொடங்கிவிட்டது. பெண் ஐந்தடி மூன்று அங்குலம் என்று தரகர் சொல்ல, இவர் பத்து சதவீதம் கழித்து, குள்ளமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு போனார். தபித்தாள் காபித் தட்டோடு வந்து நிமிர்ந்தபோது இவரைவிட இரண்டு விரல் உயரம். வாழ்க்கையில் தான் கழித்தது தப்பாய்ப் போனது அந்த ஒரு முறைதான் என்று மனுவேல் சொல்லுவார். தபித்தாள் அப்போது மேலிருந்து ஒரு பார்வை பார்ப்பாள்.

இப்படிப்பட்ட ஒருவரை ஐரோப்பா தேடி வந்தது.

ஐரோப்பா வரைபடத்தில் பெருவிரலை வைத்தால் மூன்று நாடு மறைந்துபோகிற ஒரு மூலை இருக்கிறது. அந்த மூலையில் மலையடிவாரத்தில் ஊல்டர்பெக் என்று ஒரு சின்ன நகரம். அந்த ஊர்க்காரர்களுக்குக் கலை மேல் பக்தி அதிகம். நாடகக்காரனுக்கும் ஓவியக்காரனுக்கும் பாட்டுக்காரிக்கும் நகராட்சியே படியளக்கிறது. நம்மூரில் நகராட்சி தண்ணீர் விடுவது மாதிரி அங்கே சங்கீதம் விடுகிறார்கள், அதுவும் தினசரி. இதற்குப் பணம் போதாமல் ஒரு வரி போட்டார்கள். கடையில் குடிக்கும் ஒவ்வொரு கோப்பை டீக்கும் கலைக்கென்று ஒரு சில்லறை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு கவுன்சிலர் எழுந்து, டீ இந்த மண்ணில் விளையவில்லையே, எங்கோ ஒரு மலையில் யாரோ வேர்வை சிந்திப் பறித்தது அல்லவா, அப்படியானால் நம் கலையில் அவர்களுக்கும் பங்கு உண்டு, கலைக்குழுவில் அவர்களுக்கு ஒரு நாற்காலி வேண்டாமா என்று கேட்டுவிட்டார்.

நம்மூராக இருந்தால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அங்கே யாராவது நியாயமாக ஒன்று சொல்லிவிட்டால் அதைச் சட்டமாக்காமல் தூங்க மாட்டார்கள். ஒன்பது பேர் கொண்ட குழுவில் எட்டுப் பேர் ஊல்டர்பெக்காரர்கள், ஒருவர் தேயிலைத் தரப்பு என்று விதி எழுதினார்கள். தேயிலைத் தரப்பு இல்லாமல் எடுக்கும் எந்தத் தீர்மானமும் செல்லாது என்று ஒரு வரியையும் சேர்த்தார்கள். அந்த ஊருக்கு டீ அனுப்பும் தொழிற்சாலைக்குக் கடிதம் வந்தது. தரம் பார்த்து மதிப்பிட்ட அனுபவமுள்ள ஒருவரை அனுப்பவும்.

மலையாளியான மேனேஜர் அந்தக் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு மனுவேலைக் கூப்பிட்டார்.

"எடை போடற வேலைதான் மனுவேலே. மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, ரெண்டரை மணிக்கு என்ட கேபின்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரணும். ரெண்டு மணிக்கூர். டீ எக்ஸ்போர்ட் காரியம். தலையாட்டிட்டு வா."

கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு மனுவேல் போய் உட்கார்ந்தார். திரையில் எட்டு வெள்ளை முகங்கள். குழுத்தலைவியின் பெயர் ஹன்னா. அதைக் கேட்டதும் அவருக்குப் பாதி பயம் போய்விட்டது, சபையில் நாலு ஹன்னா இருக்கிறார்கள். மொழிபெயர்க்க சசிரேகா என்று ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரி, அந்த ஊருக்குப் போய் இருபது வருடம் ஆகிறது.

விண்ணப்பங்களை வாசித்தார்கள். ஒருவர் ஒரு பியானோவைப் பூமியில் புதைத்து, நாற்பது வருடம் கழித்துத் தோண்டி வாசிக்கப்போகிறார். ஒரு குழுவினர் நகரத்து நீரூற்றுக்குள் தலையை முக்கிக்கொண்டு பாடுவார்கள், கேட்பவர்களும் முக்கிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் காலத்தைப் பற்றி மக்களை யோசிக்க வைப்பதற்காக ஒரு வருடம் பின்பக்கமாக மட்டும் நடப்பார். செருப்புச் செலவு தனியாகக் கேட்டிருந்தார். ஒவ்வொரு விண்ணப்பமும் அறுபது எழுபது பக்கம்.

ஹன்னா தேயிலைத் தரப்பின் கருத்தைக் கேட்டாள்.

"ஐயா, நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு அவை கேக்கினம்" என்றாள் சசிரேகா.

மனுவேல் தொண்டையைச் செருமினார். தலையாட்டத்தான் வந்திருந்தார். ஆனால் எதிரில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியதைப் பார்த்ததும் முப்பது வருடத்துப் பழக்கம் முந்திக்கொண்டது.

"எல்லாம் நல்ல சரக்குத்தானுங்க. ஆனா பத்துக்கு ஒண்ணு தண்ணீங்க. கழிச்சுட்டுக் குடுங்க."

சசிரேகா மொழிபெயர்த்தாள். எட்டு முகமும் அசையவில்லை. கம்ப்யூட்டர் நின்றுவிட்டதோ என்று மனுவேல் அதன் தலையில் ஒரு தட்டு தட்டினார். பிறகு ஹன்னா கண்ணாடியைக் கழற்றினாள். பியானோக்காரரைத் தொலைபேசியில் பிடித்து, பத்து சதவீதம் குறைத்துக் கொடுத்தால் முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று அவர் மூச்சு விடாமல் சொன்னார். நீரூற்றுக்காரர்களும் முடியும் என்றார்கள். பின்பக்கமாக நடப்பவர் மட்டும் கொஞ்சம் யோசித்து, அதன்பின் முடியும் என்றார். இருபத்தைந்து வருடமாகக் கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவந்த ஹன்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு நடந்ததற்கு மனுவேல் பொறுப்பில்லை. அவர் பாட்டுக்குத் தராசுக்குத் திரும்பிவிட்டார். அங்கே அதற்கு 'மனுவேல் முறை' என்று பெயர் வைத்தார்கள். எண்பத்து நான்கு பக்கத்தில் கையேடு போட்டார்கள். ஓர் இலை, அதன் நுனியில் ஒரு சொட்டு, அதுதான் சின்னம். அக்கம்பக்கத்துப் பதினொரு நகரங்கள் அதைப் பின்பற்றின. இதைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு பல்கலைக்கழக மாணவி விண்ணப்பித்தாள், அவளுக்கும் பத்து சதவீதம் கழித்துத்தான் உதவித்தொகை கிடைத்தது.

அடுத்த வருடம் வந்த விண்ணப்பங்களைப் பார்த்த மனுவேல் சிரித்துவிட்டார். எல்லோரும் போன வருடத்தைவிடப் பதினொரு சதவீதம் கூட்டிக் கேட்டிருந்தார்கள். கழிவு உண்டு என்று தெரிந்தால் வழியில் ஓடையில் மூட்டையை முக்கி எடுத்துக் கொண்டுவருவார்கள் இங்கே. அங்கேயும் முக்கியிருக்கிறார்கள். மனிதப் பிறவி எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று வீட்டில் சொல்லி மகிழ்ந்தார். வழக்கப்படி எல்லாவற்றிலும் கழித்துக் கையெழுத்தும் போட்டார்கள்.

அந்த ஐப்பசியில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் எல்சா என்கிற நாடக நடிகை. சசிரேகா தமிழில் எழுதி அனுப்பியிருந்தாள்.

"மதிப்புக்குரிய மனுவேல் அவர்களுக்கு. என்னிடம் ஒரு பழைய வேன் இருக்கிறது. பக்கக் கதவைத் திறந்தால் அதுதான் மேடை. நான் நடிப்பேன், என் தம்பி விளக்குப் பிடிப்பான். ஊல்டர்பெக்குக்கு மேலே மலையில் முப்பது சிற்றூர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு ஒரு முறை போகிறேன். வேறு யாரும் அங்கே போவதில்லை. டீசல், டயர், எங்கள் இருவர் சம்பளம், இவ்வளவுதான் கேட்டிருந்தேன். கூட்டிக் கேட்கவில்லை. நீங்கள் பத்து சதவீதம் கழித்துவிட்டீர்கள். வேனுக்கு நாலு டயரும் வேண்டும். ஆகவே மூன்று ஊர்களை விட்டுவிட வேண்டும். எந்த மூன்று என்று என்னால் சொல்ல முடியவில்லை. கழித்தவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள். தை மாதக் கடைசிக்குள் நான் நகராட்சிக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். முப்பது பெயரையும் கீழே எழுதியிருக்கிறேன். மூன்றை அடித்து அனுப்புங்கள்."

கீழே முப்பது பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் மனுவேல் பென்சிலோடு உட்கார்ந்தார். இதென்ன பெரிய காரியம், மூன்று கோடு. தபித்தாளும் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்க, வாயில நுழையாத பேரா பாத்து அடிச்சுப்போடுங்க."

"முப்பதுமே நுழையல."

"அப்ப ஆளு கம்மியா இருக்கற ஊரு?"

கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் பதினொன்று என்று இருந்தது. அதில் ஒருவருக்குக் காது கேட்காது, ஆனால் முன்வரிசையில் உட்காருவார் என்றும் எல்சா எழுதியிருந்தாள். மனுவேல் பென்சிலை அதன்மேல் வைத்தார்.

"அவருக்குத்தான் காது கேக்காதே" என்றார்.

"மிச்சம் பத்துப் பேருக்குக் கேக்குமல்லங்க" என்றாள் தபித்தாள்.

பென்சிலை எடுத்துவிட்டார். வேறு ஒரு ஊரில் வைத்தார். அங்கே பஸ் கிடையாது என்று போட்டிருந்தது. போன மழையில் மண் சரிந்து சாயங்கால பஸ் ஒன்பது நாள் வராதபோது, கடைசி ஸ்டாப்புக்கு அப்பால் இருப்பவர்கள் நனைந்துகொண்டே நடந்து போனதை அவர் தராசு மேடையிலிருந்து பார்த்திருக்கிறார். அந்தப் பெயரிலிருந்தும் எடுத்துவிட்டார். சாம்பார் ஆறிப்போயிற்று. மூன்று மணிக்குப் பார்த்தால் தாளில் முப்பது இடத்தில் பென்சில் புள்ளி, ஒரு கோடு இல்லை.

அவருக்கு இது புதிதாக இருந்தது. முப்பது வருடம் கழித்திருக்கிறார். கழித்தது எங்கே குறைந்தது என்று யாரும் அவர் கையில் பட்டியல் கொடுத்துக் கேட்டதில்லை. யாருடைய வீட்டில் எண்ணெய் குறைந்ததோ, எந்தப் பிள்ளைக்குச் செருப்பு தள்ளிப்போனதோ, சீட்டைக் கிழித்துக் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது. பென்சிலைக் கீழே வைத்தார்.

"நான் தப்பா கழிச்சுட்டேன் தபித்தா" என்றார்.

"அத அங்க சொல்லுங்க" என்றாள் அவள்.

கார்த்திகை மாதக் கூட்டத்தில் சொன்னார். அந்த அம்மா காய்ந்த கொழுந்து கொண்டுவந்திருக்கிறாள், அதில் தண்ணீர் இல்லை, நான் பார்க்காமல் கழித்துவிட்டேன், தப்பு என்னுடையது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சொன்னார். சசிரேகா மொழிபெயர்த்தாள். எட்டுப் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"என்னம்மா, குடுத்துருவாங்களா?"

"இல்லை ஐயா. தன்ர முறையைத் தானே விமர்சிக்கிற உங்கட பெருந்தன்மையைப் பாராட்டித் தீர்மானம் போட்டிருக்கினம். விதியை இப்ப மாத்த ஏலாதாம். மூண்டு வருசம் கழிச்சு ஆய்வு நடக்குமாம், அதுக்குப் பிறகுதானாம்."

மனுவேல் கூப்பிய கையை இறக்கிக்கொண்டார். பிறகு கேட்டார், "இந்தக் கழிவு விதி யார் யாருக்குங்க?"

எல்லோருக்கும், விதிவிலக்கே கிடையாது என்று ஹன்னா பெருமையோடு சொன்னாள்.

"அப்ப எனக்குமுங்களே."

யாருக்கும் விளங்கவில்லை. கூட்டம் இரண்டரையிலிருந்து நாலரை வரை, இரண்டு மணி நேரம். மனுவேல் கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்துக்கொண்டார். நாலு பதினெட்டு ஆனதும் எழுந்தார்.

"பன்னெண்டு நிமிசம் ஈரமுங்க. கழிச்சாச்சு. வாரேனுங்க" என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்.

ஊல்டர்பெக் விதிப்படி ஓட்டெடுப்பு கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில்தான். தேயிலைத் தரப்பு இல்லாமல் எடுத்த எந்தத் தீர்மானமும் செல்லாது. அன்றைக்கு ஒன்றும் தீர்மானமாகவில்லை.

மார்கழியில் கூட்டத்தை மூன்று மணி நேரமாக நீட்டிப் பார்த்தார்கள். மனுவேல் பதினெட்டு நிமிடம் கழித்தார். ஐந்து பன்னிரண்டுக்கு எழுந்து போய்விட்டார். கூட்டத்தை எவ்வளவு இழுத்தாலும் கழிவும் கூடவே இழுபட்டது. ஓட்டெடுப்பை முன்னால் வைத்தால் என்ன என்றால், அதற்கு விதியைத் திருத்த வேண்டும், திருத்த ஓட்டெடுக்க வேண்டும், ஓட்டுக் கடைசியில்தான். ஆளையே மாற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னாராம். முறைக்கே அந்த ஆளின் பெயர்தானே, மனுவேலை விலக்கிவிட்டு மனுவேல் முறையை எப்படி வைத்துக்கொள்வது என்று இன்னொருவர் கேட்க, அதுவும் நின்றுபோனது. கழித்துக் கையெழுத்துப் போட்ட பணத்தின் தவணையை விடவும் ஒவ்வொரு முறையும் தீர்மானம் வேண்டும். பியானோ மழையில் குழிக்குப் பக்கத்தில் காத்துக் கிடந்தது. நீரூற்றுக்காரர்கள் மூச்சடக்கிப் பழகியது வீணாகிக்கொண்டிருந்தது. பின்பக்கமாக நடப்பவர் நடுவழியில் நின்றுவிட்டதாகவும், முன்பக்கம் திரும்பி வீட்டுக்குப் போனால் போன வருடப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயப்படுவதாகவும் செய்தி வந்தது.

"எந்தா மனுவேலே" என்றார் மேனேஜர், "ஒரு நாட்டையே லாக் அவுட் பண்ணி வெச்சிருக்கே. எக்ஸ்போர்ட் போச்சுன்னா ஆரு பதில் சொல்றது?"

"வேலையில ஒரு கொறையும் வெக்கலீங்க சார். கழிவு மட்டும் எடுத்துக்கறேன்" என்றார் மனுவேல். வேலை போனால் அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது. ஆனால் சட்டைப் பையில் முப்பது புள்ளி வைத்த அந்தத் தாள் இருந்தது, தை பிறந்துவிட்டது.

தை இரண்டாவது வாரத்தில் ஹன்னா தானாக அவசரக் கூட்டம் கூட்டினாள். உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று நேராகவே கேட்டாள்.

"ஈரம் இருந்தா கழிங்க. காஞ்சு வந்தத கழிக்காதீங்க. தொட்டுப் பாத்துட்டுக் கழிங்க."

நாடகத்தை எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று சசிரேகா வழியாகக் கேட்டார்கள்.

"போய்ப் பாக்கறதுதானுங்க."

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருடமாகக் கலைக்குப் பணம் கொடுத்தவர்கள், பதினொரு பேர் இருக்கும் அந்தக் கடைசி ஊருக்கு ஒருவரும் போனதில்லை. அந்தச் சனிக்கிழமை எல்சாவின் வேனிலேயே போனார்கள். ஏற்றத்தில் பனி, வண்டி வழுக்கியது, கலைக்குழு இறங்கித் தள்ளியது. ஹன்னாவின் ஒரு பூட்ஸ் சேற்றோடு போய்விட்டது. அன்றைக்குப் பார்வையாளர் பத்தொன்பது பேர், அந்த ஊரின் சரித்திரத்தில் அதுவே பெரிய கூட்டம். காது கேட்காதவர் முன்வரிசையை ஹன்னாவுக்கு விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார். நாடகம் முடிந்ததும் எல்சா டயரைக் காட்டினாள். கம்பி தெரிந்தது. ஆளாளுக்கு அதைக் கையால் தொட்டுப் பார்த்தார்கள்.

தை இருபத்தைந்தாம் தேதி நடந்த கூட்டத்தில் மனுவேல் கடைசிவரை உட்கார்ந்தார். ஒன்பது ஓட்டும் ஒரே பக்கம். நேரில் போய்த் தொட்டுப் பார்க்காமல் யாருக்கும் கழிக்கக் கூடாது. எல்சாவுக்கு முப்பது ஊரும் திரும்பக் கிடைத்தன. அவள் அனுப்பிய பதிலில் நன்றி என்று ஒரு வார்த்தையும், வேனுக்கு முன்னால் நிற்கும் ஒரு படமும் இருந்தன. மனுவேல் அதைத் தபித்தாளிடம் நீட்டிவிட்டு, முகம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் சுகம். ஆனால் ஊல்டர்பெக்காரர்கள் எதையும் அரைகுறையாக விட மாட்டார்கள். தீர்மானத்தைத் தேயிலைத் தரப்பின் மொழியிலும் வெளியிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. நல்ல வழவழப்பான தாளில், தமிழில், ஐம்பது பிரதிகள் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தன. முதல் பக்கத்தில் மேனேஜர் படம், மனுவேலுக்குக் கணினி கொடுத்து உதவியவர் என்று. மேனேஜர் படத்தைப் பார்த்தார், அதற்குமேல் படிக்கவில்லை. தன் கையாலேயே ஒன்றை நோட்டீஸ் போர்டில் குத்தினார், கொழுந்து போட வருகிற எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து. மிச்சத்தை வாசலில் அடுக்கி வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குத் தராசின் முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். வழக்கமாகச் சலசலப்பு இருக்கும். அன்றைக்கு எல்லோர் கண்ணும் தராசின் மேல். பாதிப் பேர் கையில் அந்த வழவழப்பான தாள்.

முதலில் நின்றவள் பொன்னாயி. அறுபது வயதிருக்கும். சிறு பிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவள், ஊரில் எல்லோரையும் போல அரை ஏக்கரில் செடி வைத்திருக்கிறாள். பனி காய்ந்த பிறகுதான் கொழுந்தில் கை வைப்பாள், பறித்ததைப் படங்குச் சாக்கை விரித்துக் கொட்டி உதறி உலர்த்திவிட்டுத்தான் மூட்டை கட்டுவாள். இருபத்திரண்டு வருடமாக மனுவேலிடம் கொழுந்து போடுகிறாள், ஒரு நாளும் வாய் பேசியதில்லை.

மூட்டையைத் தராசில் வைத்தாள். நாற்பது கிலோ. மனுவேல் பேனாவை எடுத்தார். கை தன்னால் முப்பத்தாறு என்று எழுதப் போயிற்று. நிறுத்தினார். மூட்டைக்குள் கையை விட்டு அடிவரை அளைந்தார். வெளியே எடுத்த கை சுத்தமாகக் காய்ந்திருந்தது. நாற்பது என்று எழுதிச் சீட்டைக் கிழித்தார்.

கேபினிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் இறங்கி வந்தார்.

"கழிவு எவிட மனுவேலே?"

"காஞ்சிருக்குங்க சார். தொட்டுப் பாத்தேன்."

"அது ஐரோப்பா. அங்க நாடகத்துக்குப் போட்ட சட்டத்த இங்க கொழுந்துக்குப் போடறியா? நாளைலருந்து நீ வெறகுக் கொட்டாய்க்குப் போ, இங்க வேற ஆள் வரும்."

ஐரோப்பாவில் இந்த விஷயத்துக்கு நாலு கூட்டம், எண்பத்து நான்கு பக்கம், ஒரு மலைப்பயணம் தேவைப்பட்டது. இங்கே ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. நம் நிர்வாகம் மந்தம் என்று யார் சொன்னார்கள்?

"நாளைக்குப் போறேனுங்க" என்றார் மனுவேல். "இன்னைக்கு இந்த வரிசைய முடிச்சுக்கறேன்."

பொன்னாயி சீட்டை வாங்கினாள். தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தாள். நாற்பது. அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினார் மனுவேல், ஒரு வார்த்தை நன்றியைக்கூட எதிர்பார்த்தாரோ என்னவோ. அவள் வெறும் படங்கை நிதானமாக நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு சண்டைக் குரலில் இல்லாமல், தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிக் கேட்டாள்.

"கிளாக்கரய்யா, இன்னிக்குக் காஞ்சிருக்குங்கிறீங்க. போன மாசியில நான் கொண்டாந்த கொழுந்து எப்படி இருந்திச்சு?"

ஒன்பது பேர் குழுவில் உட்கார்ந்து ஐரோப்பாவுக்குப் பதில் சொன்ன மனுவேல் பேனாவைக் கீழே வைத்தார். நனைந்திருந்தது என்று சொன்னால் அவள் ஒன்றும் செய்யப்போவதில்லை, போய்விடுவாள். மேனேஜர் பக்கத்தில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காஞ்சுதானுங்கம்மா இருந்துது" என்றார் மனுவேல். "எல்லா மாசியிலயும் காஞ்சுதான் இருந்துது."

வரிசையில் நின்ற நாற்பது பேருக்கும் அது கேட்டது.